நூத்துக்கு எத்தனை தாரு

அத்தாணி ரோட்டில் சென்னியப்பன் டயர் கடை.
வெயில் ஏறுவதற்குள் ரப்பர் வாசம் ஏறிவிடுகிறது.
அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்போல்
என் ஜீப்பை ஒரு சுற்று வந்தார்.
பின்சக்கரத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார்.
வழுக்கியது.
"பல்லே இல்லீங்களே மாதேசு,
இதை வெச்சா மலை ஏறுனீங்க?"

ஏறினேன்.
ஐப்பசியில் ஒருநாள் ஏறவில்லை.
கொறங்குப் பள்ளத்தின் நடுவில்
நாலு சக்கரமும் சுற்ற, வண்டி நின்றது.
கல்யாணத்துக்குப் போன பதினோரு பேர் இறங்கித் தள்ளினார்கள்.
மாப்பிள்ளையின் சித்தப்பா பட்டு வேட்டியில்
என் டயர் வாரியடித்த சேறு
மொய் எழுதி முடிகிறவரை காயவில்லை.
இன்றும் என்னைக் கண்டால்
முதலில் குனிந்து வேட்டியைத்தான் பார்க்கிறார்.

அதையெல்லாம் சொல்லவில்லை.
"நல்லதா நாலு காட்டுங்க" என்றேன்.

"நல்லதுன்னு தனியா ஒண்ணு கெடையாதுங்.
நூத்துக்கு எத்தனை தாரு, எத்தனை மண்ணு,
எத்தனை தண்ணி? அதைச் சொல்லுங் மொதல்ல."

இருபது வருஷமாய் ஓட்டும் வழியை
யாரும் என்னிடம் கணக்காகக் கேட்டதில்லை.
கண்ணை மூடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.
கடம்பூர் வரைக்கும் தார், வளைவுகளில் பெயர்ந்த தார்.
அப்புறம் செம்மண்.
மழைக்கு முந்தி மாவு, மழைக்குப் பிந்தி வெண்ணெய்.
முதல் பள்ளத்தில் உருண்டைக் கல்.
இரண்டாவதில் என்ன கிடக்கிறது என்பதை
ஒவ்வொரு வெள்ளமும் மாற்றி வைத்துப் போகும்.
"நாப்பது தாருங். அம்பது மண்ணு. மீதி தண்ணி."
"யானை?"
"அது டயர் கணக்குல வராதுங்."

சிரிக்காமல் உள்ளே போய் உருட்டி வந்தார்.
கோடு போட்ட நோட்டுபோல் ஒன்று, தாருக்கென்றே பிறந்தது.
சேறு ஒரே மூச்சில் அதை எழுதி நிரப்பிவிடும்.
கட்டைப்பல் ஒன்று, பல்லிடுக்கில் என் விரல் புகுந்தது.
"சேத்தைக் கடிக்கும், கடிச்சதைத் துப்பிரும்.
தாருல ஓலம் போடும். ஈரத்துல பிரேக் புடிச்சா
ரெண்டடி கூடத்தான் போவும்."
பிறகு, நடுவில் நெருக்கமும் ஓரத்தில் திறப்புமாய் இன்னொன்று.
"இது ரெண்டுக்கும் ஆவும்.
ரெண்டுலயும் முழுசா ஆவாது."

காற்று மீட்டரைத் துடைத்தபடி கேட்டார்:
"ரோடு வருதுன்னு பேசிக்கறாங்களே?"

வருகிறது.
பள்ளத்துக் கரையில் வெள்ளையடித்த கல் நட்டுப் போனபோது
என் மகள் ஒண்ணாவது சேர்ந்திருந்தாள்.
இப்போது நர்சிங் இரண்டாம் வருஷம்.
கல்லுக்கு மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் புதுச் சுண்ணாம்பு.
கட்டைப்பல் வாங்கினால், வராது என்று
முப்பதாயிரம் ரூபாய்க்குக் கையெழுத்துப் போடுவதுபோல்.
தார் டயர் வாங்கினால், நம்பிவிட்டேன் என்று அர்த்தம்.
நம்பியபடி ரோடு வந்தாலோ
பின்னாலேயே பஸ் வரும்.
பஸ் வந்தபின் என் ஜீப்பில் யார் ஏறுவார்?
அப்போது எந்த டயராய் இருந்தால் என்ன.

வராமலே போகட்டும் என்று
ஒரு நொடி நினைத்தேன்.
நினைத்த அதே நொடியில் கெம்பம்மா வந்தாள்.
போன மழையில் அக்கரையில் காய்ச்சலாய்க் கிடந்தவளுக்கு
இக்கரையிலிருந்து நான்
ஹார்ன் மட்டும்தான் அடிக்க முடிந்தது.

"கடைசியா காட்டுனது" என்றேன்.
"ரெண்டுங்களா, நாலுங்களா?"
"நாலும். உசரம் மாறுனா கியர்ப்பெட்டி போயிருமில்லீங்களா."
பாதி ரொக்கம். மீதி, புளி இறங்கினதும்.

சாயங்காலம் பள்ளத்துக் கரையில் நிறுத்தினேன்.
புது டயரின் ரப்பர் முடிகளை
பால்கேன் பையன் ஒவ்வொன்றாய்ப் பிய்த்துக்கொண்டிருந்தான்.
வால்வு மூடியைக் கழற்றி, குச்சிமுனையால் அழுத்தினேன்.
முப்பத்தைந்திலிருந்து இருபத்திரண்டு.
வயிறு தளர்ந்து
மண்ணில் அகலமாய் உட்கார்ந்தது வண்டி.
"ஏறுடா" என்றேன்.

வெள்ளைக் கல்லுக்கு
ஒரு சாண் தள்ளியே ஓட்டினேன்,
அதை உரசிவிடாமல்.